டோலுவீனில் ஓர் அமிலத்துக்கு பி.கே.ஏ. கேட்டால் என்ன எழுதுவது?

#1 ஆய்வகப்பூனை

வணக்கம். கரிம வினையூக்கத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். என் கையில் இரண்டு அமிலங்கள். ஒன்று கார்பாக்சிலிக் வகை, இன்னொன்று நைட்ரோஃபீனால் வகை. இரண்டும் டோலுவீனில் வினையூக்கியாகப் போகின்றன. எங்கள் கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர், "டோலுவீனில் இவற்றின் பி.கே.ஏ. மதிப்பைத் தரவும்" என்று ஒற்றை வரி எழுதிவிட்டார். (பி.கே.ஏ. என்பது அமில வலிமைக்கான எண், சிறியதானால் வலிய அமிலம்.) கைடும் "அளந்து போட்டுவிடு, அதிலென்ன" என்கிறார்.

சரி என்று அளந்தேன். இரண்டு அமிலத்தையும் ஒரே குவெட்டில் (நிறமாலைமானியில் வைக்கும் சிறு கலம்) வைத்து, காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நைட்ரோஃபீனாலேட்டின் மஞ்சள் எவ்வளவு ஏறுகிறது என்று நிறமாலையில் பார்த்தேன். ட்ரைபியூட்டைல் அமீனைக் காரமாக வைத்தால் கார்பாக்சிலிக் அமிலம்தான் வலியது என்று வருகிறது. அதே வேலையைப் பாஸ்பசீன் என்ற மிக வலிய கரிமக் காரத்தோடு செய்தால் நைட்ரோஃபீனால் முந்துகிறது. திரும்பச் செய்தாலும் அதேதான்.

காரம் மாறினால் அமிலங்களின் வரிசையே மாறுமா? அல்லது எங்கோ அழுக்கு சேர்ந்திருக்கிறதா? மதிப்பீட்டாளருக்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

#2 கூலும்

மாறும். இரண்டு அளவீடுமே சரியாக இருக்கலாம். கேள்விதான் நீரிலிருந்து கிளம்பி டோலுவீனுக்கு வந்திருக்கிறது.

நீரில் நமக்குக் கண்ணில் படுவது ஒரே சமநிலை. அமிலம் புரோட்டானை நீருக்குக் கொடுக்கிறது, மிஞ்சும் எதிரயனி (எதிர்மின் அயனி) தன் வழியே போகிறது. டோலுவீனில் அதே காரியம் மூன்று படியாக விரிந்து நிற்கிறது. முதலில் அமிலமும் காரமும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு அந்தக் கட்டுக்குள்ளேயே புரோட்டான் காரத்தின் பக்கம் தாவுகிறது. இப்போது நம்மிடம் இருப்பது அயனி இணை. மூன்றாவது படியில் இணை பிரிந்து தனி அயனிகளாக வேண்டும். டோலுவீனில் இந்த மூன்றாம் படி நடக்கவே நடக்காது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். பி.கே.ஏ. என்ற அளவு அந்த மூன்றாம் படியையும் உள்ளடக்கியது. நடக்காத படிக்கு எண் கேட்கிறார்கள்.

ஏன் நடக்காது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கரைப்பான் அயனிகளின் ஈர்ப்பை எத்தனை மடங்கு தளர்த்துகிறது என்பதுதான் டைஎலக்ட்ரிக் மாறிலி. 25 பாகையில் நீருக்கு அது சுமார் 78. டோலுவீனுக்கு 2.4, பென்சீனுக்கு 2.27, ஹெப்டேனுக்கு 1.92. ஒரு நேரயனியும் ஓர் எதிரயனியும் 5 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருந்தால் அவற்றுக்கிடையே உள்ள ஈர்ப்பு ஆற்றல் நீரில் மோலுக்குச் சுமார் 3.5 கிலோஜூல். வெப்ப அசைவின் ஆற்றல் 2.5. கிட்டத்தட்டச் சமம், அதனால் அயனிகள் கழன்று போகின்றன. அதே இடைவெளி ஹெப்டேனில் 145 கிலோஜூல். கழல்வதற்கு வழியில்லை.

1926இல் பியெரும் (Bjerrum) என்ற டென்மார்க் வேதியியலாளர் இதற்கு ஓர் எல்லைத் தூரம் சொன்னார். ஈர்ப்பு ஆற்றல் வெப்ப ஆற்றலின் இரு மடங்காக இருக்கும் தூரத்துக்குள் வந்த எதிரெதிர் அயனிகளை இணை என்று கணக்கில் வை என்றார். நீரில் அந்தத் தூரம் 3.6 ஆங்ஸ்ட்ராம், அதாவது பல அயனிகள் ஒட்டி நின்றாலே அதைத் தாண்டிவிடும். ஹெப்டேனில் அது 146 ஆங்ஸ்ட்ராம்.

ஃபியூஸ் (Fuoss) தந்த சமன்பாட்டில் 5 ஆங்ஸ்ட்ராம் போட்டுப் பார்த்தால் இணைவு மாறிலி (பெரிதானால் அயனிகள் இணையாகவே இருக்கும்) நீரில் 1 சொச்சம், அசிட்டோநைட்ரைலில் 7, டி.எச்.எஃப். (டெட்ராஹைட்ரோஃபியூரான்) கரைப்பானில் 10⁶, பென்சீனில் 10²¹, ஹெப்டேனில் 10²⁵. ஹெப்டேனில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் உப்பு கரைந்திருந்தால் (கரைந்தால்!) அதில் தனி அயனியின் செறிவு 10⁻¹⁴ மோலார் அளவில்தான் இருக்கும். இதே உப்பு டி.எச்.எஃப்.பில் நூற்றுக்கு மூன்று பங்கு பிரிந்திருக்கும்.

ஆக, நீங்கள் அளந்தது அமிலத்தின் வலிமையை மட்டும் அல்ல. அமிலம், காரம் இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய இணையின் உறுதியை. காரத்தை மாற்றினால் இணை மாறுகிறது, எண் மாறுகிறது.

#3 பர்னர்

நான் இளங்கலை மூன்றாம் ஆண்டு. இதைப் படித்ததும் ஞாபகம் வந்தது: பென்சாயிக் அமிலத்தை நீருக்கும் டோலுவீனுக்கும் இடையே பங்கிடும் செய்முறையில், டோலுவீன் அடுக்கில் அமிலம் இருபடியாக (இரண்டு மூலக்கூறு சேர்ந்து ஒன்றாக) இருக்கிறது என்று வர்க்கமூலம் போட்டு மாறிலி எடுக்க வைத்தார்கள். அதுவும் இந்தக் கதைதானா?

#4 கூலும்

அதே கதையின் முதல் அத்தியாயம். முனைவற்ற கரைப்பான் அமிலத்துக்குத் துணை தருவதில்லை. அதனால் அமிலம் தன் இனத்தையே துணைக்குப் பிடித்துக்கொள்கிறது: இரண்டு கார்பாக்சில் குழுக்கள் எதிரெதிரே நின்று இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு. பூனையின் குவெட்டிலும் இது உண்டு, அதுவும் ஒரு சிக்கல். காரத்தோடு வினைபுரியும் முன் இருபடி உடைய வேண்டும். அளவீட்டை நீர்த்த கரைசலில் வைத்தால் இருபடியின் பங்கு குறையும்.

அப்புறம் இதன் அண்ணன் ஒன்று இருக்கிறது. பாதி அமிலம் நடுநிலையாகி, பாதி மிச்சமிருக்கும்போது, மிச்ச அமிலம் கார்பாக்சிலேட் அயனியோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஓர் அமிலம், அதன் எதிரயனி, நடுவில் ஒரு புரோட்டான். அசிட்டோநைட்ரைலில்கூட இது பலமானது. கோல்தாஃப் மின்னசோட்டாவில் இதை விரிவாக அளந்தார். அசிட்டிக் அமிலத்தை அங்கே தரம்பார்த்தால் (காரத்தைச் சிறிது சிறிதாக விட்டு அளந்தால்) வளைகோடு பாதி வழியில் ஒழுங்காக வராமல் முதுகு வளைக்கும். முனைவற்ற கரைப்பானில் இன்னும் மோசம். ஒரு மூலக்கூறு அமிலம் மட்டும் இருந்தால் புரோட்டானைக் கொடுக்கத் தயங்கும். இரண்டாவது அமில மூலக்கூறு வந்து எதிரயனியைத் தாங்கினால் கொடுத்துவிடும். நைட்ரோஃபீனால்களில், அதுவும் ஆர்த்தோ இடங்களில் நைட்ரோ இருப்பவற்றில், இது குறைவு. பூனை அவர்கள் கார்பாக்சிலிக் அமிலம் எவ்வளவு மிகையாகப் போட்டார் என்பதைச் சொன்னால் நல்லது.

#5 யாழ்_வேதியன்

கூலும் ஐயா சொல்வது சரி. ஆனால் நடைமுறையில் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. அசற்றோநைத்திரைலில் நல்ல பி.கே.ஏ. அட்டவணைகள் இருக்கின்றன தானே. எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் இவோ லெய்த்தோ குழு பல பத்து அலகுகளுக்கு நீளும் அளவுகோல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறது. அதில் இருக்கும் எண்ணைப் போட்டுவிட்டு, "தொலுயீனில் இதே போக்கை எதிர்பார்க்கலாம்" என்று ஒரு வசனம் எழுதினால் மதிப்பீட்டாளர் திருப்தியாகிவிடுவார். வினையூக்கிகளைப் பற்றி எழுதுபவர்கள் பாதிப் பேர் டி.எம்.எஸ்.ஓ. (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானின் எண்ணை வைத்தே காலம் தள்ளுகிறார்கள்.

#6 நீலலிட்மஸ்

யாழ், ஒரே குடும்பத்து அமிலங்கள் என்றால் உங்கள் பேச்சு செல்லும். பதிலிட்ட பென்சாயிக் அமிலங்களை மட்டும் வரிசைப்படுத்த வேண்டும் என்றால் அசிட்டோநைட்ரைல் எண் போதும். பூனையிடம் இருப்பது இரண்டு வேறு குடும்பங்கள். அங்கேதான் கரைப்பான் விளையாடுகிறது.

அசிட்டிக் அமிலத்தையே எடுங்கள். நீரில் 4.76. டி.எம்.எஸ்.ஓ.வில் 12.3. அசிட்டோநைட்ரைலில் 23.5. பத்தொன்பது அலகு ஏற்றம். பிக்ரிக் அமிலம் நீரில் 0.4, அசிட்டோநைட்ரைலில் 11. ஏற்றம் பத்தரை அலகுதான். ஏன்? அசிட்டேட்டின் மின்சுமை இரண்டு ஆக்சிஜனில் குவிந்து கிடக்கிறது, நீரின் ஹைட்ரஜன் பிணைப்பு போனதும் அது தவிக்கிறது. பிக்ரேட்டின் மின்சுமை வளையம் முழுக்க, மூன்று நைட்ரோ வரைக்கும் பரவியிருக்கிறது. நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது டோலுவீனுக்கு வாருங்கள். தவிக்கும் அந்தக் கார்பாக்சிலேட்டின் பக்கத்தில் ட்ரைபியூட்டைல் அம்மோனியம் நிற்கிறது. அதன் நைட்ரஜன் மேல் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது. நீர் செய்த வேலையை அந்த ஒற்றை ஹைட்ரஜன் ஓரளவு செய்துவிடுகிறது. அதனால் கார்பாக்சிலிக் அமிலம் வலியதாகத் தெரிகிறது. பாஸ்பசீனியம் அயனி பெரியது, மின்சுமை பல நைட்ரஜன்களில் பரவியிருக்கிறது, இருக்கும் நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பும் பெரிய குழுக்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறது. அது கார்பாக்சிலேட்டைத் தாங்காது. ஆகவே பரவிய மின்சுமை உள்ள நைட்ரோஃபீனாலேட்டுக்கு வெற்றி. பூனை கண்ட தலைகீழ் வரிசை வர வேண்டிய இடத்தில்தான் வந்திருக்கிறது. அசிட்டோநைட்ரைல் அட்டவணையைப் போட்டு மூடியிருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது.

#7 நெறியாளர்

இடையில் ஒரு வார்த்தை: பிக்ரிக் அமிலம் பற்றிய பேச்சு வருவதால் சொல்கிறேன். காய்ந்த பிக்ரிக் அமிலமும் அதன் உலோக உப்புகளும் வெடிக்கும். பழைய புட்டி மூடியைத் திருகிப் பார்க்காதீர்கள், ஆய்வகப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். தொடருங்கள்.

#8 மணலிக்காற்று

நான் மசகெண்ணெய் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் எல்லோரும் பெரிய விஷயமாகப் பேசுவதை நாங்கள் தினமும் பீக்கரில் செய்கிறோம். ஓடிய எஞ்சின் ஆயிலின் அமில எண் பார்க்க ஏ.எஸ்.டி.எம். டி 664 என்ற தர முறை. கரைப்பான் டோலுவீன் 50, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 49.5, நீர் 0.5 பங்கு. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடை விட்டு, கண்ணாடி மின்முனையில் மில்லிவோல்ட் பார்ப்போம்.

புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் கேட்பது: "அரை சதவீதம் நீர் எதற்கு சார், மறந்துவிட்டால் என்ன?" மறந்து பார்த்தால் தெரியும். மின்முனை ஊசலாடும், எண் நிலைக்கவே நிலைக்காது. நல்ல வளைவு கிடைக்காத எண்ணெய்களுக்கு முறையிலேயே வழி இருக்கிறது: நீர்க் காரத் தாங்கல் கரைசலில் மின்முனை என்ன மில்லிவோல்ட் காட்டுகிறதோ அதை முடிவுப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். அது பி.எச். அல்ல. ஆனால் மணலியில் பார்த்தாலும் மும்பையில் பார்த்தாலும் ஒரே எண்ணெய்க்கு ஒத்துப்போகிற எண் வரும். வியாபாரத்துக்கு அது போதும்.

கார எண்ணுக்கு டி 2896. அங்கே குளோரோபென்சீனும் அசிட்டிக் அமிலமும் கலந்த கரைப்பான், பெர்குளோரிக் அமிலம் விட்டுத் தரம்பார்ப்போம். ஒரே எண்ணெயின் கார எண்ணை வேறு முறையில், அதாவது டோலுவீன்–ஆல்கஹால் கரைப்பானில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்த்தால், குறைவாக வரும். வலுவற்ற காரங்கள் அந்தக் கரைப்பானில் கணக்கில் வராது. வாடிக்கையாளர் போன் போட்டு "ஏன் இரண்டு எண்" என்று சண்டை போடுவார். எந்த முறை என்று சேர்த்துச் சொல்லாத எண்ணுக்கு எங்கள் தொழிலில் மதிப்பே கிடையாது. பூனைக்கும் அதுதான் பதில் என்று நினைக்கிறேன்.

#9 ஆய்வகப்பூனை

மணலி அண்ணா, இது எனக்குப் புதுசு, நன்றி. கூலும் சார் கேட்டதற்கு: கார்பாக்சிலிக் அமிலம் நைட்ரோஃபீனாலைவிடச் சில மடங்கு மிகையாகவே போட்டிருந்தேன், இல்லையென்றால் நிற மாற்றம் போதவில்லை. அதனால் எதிரயனியோடு இரண்டாவது அமில மூலக்கூறு ஒட்டும் விவகாரம் இருக்கத்தான் செய்யும். அமிலச் செறிவை மாற்றி மாற்றிப் போட்டு, மாறிலி நகர்கிறதா என்று பார்க்கிறேன்.

இன்னொன்று கவனித்தேன். அமீன் கரைசலை டோலுவீன் விட்டு நீர்த்தால், நிறம் நீர்த்த அளவைவிட அதிகமாக வெளுக்கிறது. நீர்க்க நீர்க்க அமிலம் அதிகம் பிரியும் என்றுதானே படித்தோம்?

#10 கூலும்

அது நீரில், ஆஸ்ட்வால்ட் விதி. ஒன்று இரண்டாகப் பிரிகிற சமநிலைக்கு நீர்த்தல் உதவும். டோலுவீனில் இரண்டு ஒன்றாகிற சமநிலை: அமிலம் கூட்டல் காரம், வருவது ஒரே ஒரு அயனி இணை. நீர்த்தால் சமநிலை பின்னோக்கிப் போகும், அயனி இணை நடுநிலை அமிலமாகவும் நடுநிலைக் காரமாகவும் கலையும், நிறம் வெளுக்கும். நீங்கள் கவனித்தது இந்த இழையிலேயே மிக நல்ல சோதனை. நிறம் தனி அயனியிலிருந்து வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இணை பிரியாமல் இருக்கிறது என்பதற்கு வேறு பழைய சாட்சிகளும் உண்டு. டெட்ராபியூட்டைல் அம்மோனியம் பிக்ரேட்டைப் பென்சீனில் கரைத்து இருமுனைத் திருப்புத்திறன் அளந்தால் 18 டிபை அருகே வருகிறது. ஓர் எலக்ட்ரான் மின்சுமை 1 ஆங்ஸ்ட்ராம் விலகி நின்றால் 4.8 டிபை. வகுத்துப் பாருங்கள், நான்குக்குச் சற்றுக் குறைவான ஆங்ஸ்ட்ராம் வரும். இரண்டு அயனிகளும் முழு மின்சுமையோடு, ஒட்டிக்கொண்டு, ஒரே துகளாகத் திரிகின்றன.

கடத்துதிறனில் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கிராஸும் ஃபியூஸும் டெட்ரா ஐசோஅமைல் அம்மோனியம் நைட்ரேட்டை டையாக்சேன்–நீர்க் கலவைகளில் கரைத்து, டைஎலக்ட்ரிக் மாறிலியை 78இலிருந்து 2.2 வரை இறக்கிக்கொண்டே போய் அளந்தார்கள். 1933இல் வெளியானது. மாறிலி குறைந்த கலவைகளில் செறிவு கூடக் கூட மோலார் கடத்துதிறன் முதலில் இறங்குகிறது, ஒரு பள்ளத்தைத் தொட்டு, பிறகு ஏறுகிறது! ஏறுவதற்குக் காரணம் மும்மை அயனிகள் என்றார்கள். ஒரு இணையோடு மூன்றாவது அயனி ஒட்டி, மொத்தத்தில் ஒரு மின்சுமை மிஞ்சி நிற்கும் கூட்டம். ஆக, செறிவான கரைசலில் "அயனி இணை" என்பதுகூடப் பாதி உண்மைதான், அங்கே மூன்றும் நான்குமாகக் கூடும். பூனை தன் அளவீட்டை 10⁻⁴ மோலாருக்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

#11 பர்னர்

சார், ஒரு சந்தேகம். எங்கள் புத்தகத்தில் "நீரில் இரண்டாம்நிலை அமீன் வலிய காரம், குளோரோபென்சீனில் பியூட்டைல் அமீன்களின் வரிசை மூன்றாம்நிலை, இரண்டாம்நிலை, முதல்நிலை என்று வரும்" என்று இருக்கிறது. காரணம் நீரேற்றம் இல்லாததுதான் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

#12 நீலலிட்மஸ்

அந்தக் காரணம் சரி, ஆனால் பாதி. நீரில் அம்மோனியம் அயனியின் ஒவ்வொரு நைட்ரஜன்–ஹைட்ரஜன் பிணைப்பும் ஒரு நீர் மூலக்கூறைப் பிடிக்கிறது. ட்ரைபியூட்டைல் அம்மோனியத்துக்கு ஒன்றே ஒன்றுதான், அதனால் அது பின்தங்குகிறது. குளோரோபென்சீனில் அந்தக் குறை இல்லை. ஆனால் அங்கே டைஎலக்ட்ரிக் மாறிலி 5.6தான், அயனிகள் இணையாகத்தான் இருக்கும். அப்படியானால் எந்த அமிலத்தை எதிரே வைத்து அந்த வரிசையை அளந்தார்கள் என்பதைப் புத்தகம் சொல்லியிருக்க வேண்டும். எதிரயனி ஹைட்ரஜன் பிணைப்பை விரும்புவதாக இருந்தால், நிறைய ஹைட்ரஜன் உள்ள முதல்நிலை அமீனுக்குச் சலுகை கிடைக்கும். பல்கலைக்கழகத் தேர்வில் இதை எழுதி மதிப்பெண் இழக்காதே தம்பி, புத்தக விடையையே எழுது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மேரியன் டேவிஸின் வேலையைத் தேடிப் படிக்க வேண்டும். அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்தவர். பென்சீன் போன்ற கரைப்பான்களில் அமில–காரச் சமநிலையைப் பல ஆண்டுகள் அளந்து, 1968இல் பெரிய தொகுப்பாகவே எழுதினார். அவர் பயன்படுத்திய நிறங்காட்டிகளில் ஒன்று ப்ரோமோதாலீன் மெஜந்தா ஈ. டெட்ராப்ரோமோஃபீனால்ஃப்தலீன் எத்தில் எஸ்டர் என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது. பென்சீனில் அதன் அமில வடிவம் மஞ்சள். மூன்றாம்நிலை அமீன் விட்டால் மெஜந்தா. நான்காம்நிலை அம்மோனியம் உப்போடு சேர்த்தால் நீலம். நிறம் தருகிற எதிரயனி எல்லாவற்றிலும் ஒன்றேதான்! அம்மோனியத்தின் ஹைட்ரஜன் அந்த அயனியின் ஆக்சிஜனைப் பிடித்து இழுத்தால் மெஜந்தா, பிடிக்க ஹைட்ரஜனே இல்லாத நான்காம்நிலை என்றால் நீலம். நீரிலும் அந்த அயனி நீலம்தான். "நிறங்காட்டி அமிலத்தைக் காட்டும்" என்று நாம் படித்தது, பென்சீனில் காரத்தின் முகவரியையும் சேர்த்துக் காட்டுகிறது.

இந்த நிறங்காட்டியைக் கையில் வைத்திருக்கும் எவரும் "டோலுவீனில் பி.கே.ஏ." என்று கேட்க மாட்டார்கள். வருத்தம் என்னவென்றால் டேவிஸின் பெயர் பாடப்புத்தகங்களில் இல்லை.

#13 யாழ்_வேதியன்

நிறத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் நிலைப்பாட்டை முழுக்கக் கைவிடவில்லை. வேறு வேறு ஆய்வகங்கள் தங்கள் தங்கள் காரத்தோடு தங்கள் தங்கள் எண்ணை வெளியிட்டால், எதை எதோடு ஒப்பிடுவது? அசற்றோநைத்திரைல் அளவுகோல் குறைந்தபட்சம் எல்லோருக்கும் பொதுவானது. அங்கே ட்ரைஎதைல் அமீனின் இணை அமிலம் 18.8, டி.பி.யூ. என்ற வலிய காரத்தினது 24.3, பாஸ்பசீன்களின் உச்சமான பி4 வகை 42.7 என்று ஒரே ஏணியில் நிற்கின்றன. ஹெப்டேனில் பூச்சியம் எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

#14 கூலும்

நல்ல கேள்வி. பூச்சியம் இல்லை. அதைத் தார்த்துக்காரர்களே ஒளிக்காமல் சொல்லித்தான் வேலை செய்தார்கள். நீங்கள் சொன்ன அதே லெய்த்தோ, 1997இல் ஹெப்டேனில் அமிலத்தன்மை அளக்கும் முறையை வெளியிட்டவர்களில் ஒருவர். முறை பூனை செய்தது போலத்தான்: இரண்டு அமிலங்கள் ஒரே கரைசலில், வலிய காரம் ஒன்று, நிறமாலை. கிடைப்பது இரண்டு அமிலங்களுக்கு இடையேயான வேறுபாடு மட்டும். புரோட்டானின் செறிவு என்ற கேள்வியே எழாது. அப்படி ஏராளமான சோடிகளை அளந்து, ஒன்றோடொன்று முரண்படாத ஏணியாகக் கட்டினார்கள். எல்லா இணைகளுக்கும் நேரயனி ஒன்றாகவே இருக்க வேண்டும், அதுவும் பெரியதாக, மின்சுமை பரவியதாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பாஸ்பசீன். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ஷ்வேசிங்கர் அவற்றை உருவாக்கியிராவிட்டால் இந்த அளவீடு சிரமம்.

ஏன் பெரிய அயனி என்பதற்கு மீண்டும் அதே கணக்கு. ஹெப்டேனில் அயனிகளின் இடைவெளி 5 ஆங்ஸ்ட்ராம் என்றால் இணைவு மாறிலி 10²⁵. 10 ஆங்ஸ்ட்ராம் என்றால் 10¹³. பன்னிரண்டு படி வித்தியாசம்! சிறிய நேரயனியை வைத்தால் எதிரயனியின் அளவில் இருக்கும் சின்ன மாற்றம்கூட "அமில வலிமை" என்ற வேடத்தில் உள்ளே வந்துவிடும். பெரிய நேரயனி அந்தப் பிழையைச் சுருக்கும். மிச்சத்தைக் கணக்கில் திருத்தலாம்.

கார்பனிலிருந்து புரோட்டான் எடுக்கும் அமிலங்களுக்கு இதே நேர்மையோடு பெர்க்லியில் ஸ்ட்ரைட்வீசர் வேலை செய்தார். சைக்ளோஹெக்சைல் அமீனிலும் டி.எச்.எஃப்.பிலும். அவர் வெறும் பி.கே.ஏ. என்று எழுத மாட்டார். சீசியம் அயனி இணை அமிலத்தன்மை, லித்தியம் அயனி இணை அமிலத்தன்மை என்று நேரயனியைச் சேர்த்துத்தான் எழுதுவார். பூனை, மதிப்பீட்டாளருக்கு எடுத்துக்காட்ட இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடைக்காது.

#15 மணலிக்காற்று

10⁻¹⁴ மோலார் தனி அயனி என்று மேலே சொன்னீர்களே, அது சும்மா காகிதக் கணக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். எரிபொருள் குழாயில் ஓடும்போது மின்னேற்றம் சேரும், அதை எடுத்துச் செல்ல அயனி இல்லாததால் தொட்டியிலேயே தங்கும், தீப்பொறி தட்டும். விமான எரிபொருளில் இதற்கென்றே லிட்டருக்குச் சில மில்லிகிராம் மின்னேற்றத்தை வடிக்கும் சேர்க்கைப் பொருள் விடுவார்கள். சேர்த்த பிறகும் கடத்துதிறன் மீட்டருக்கு 50 முதல் 600 பைக்கோசீமன்ஸ்தான் இருக்க வேண்டும் என்று விதி. குழாய்த் தண்ணீரோடு ஒப்பிட்டால் கோடிக்கணக்கான மடங்கு குறைவு. அந்தக் கொஞ்சம் போதும், மின்னேற்றம் வடிந்துவிடும். கழுவுவதற்கு ஹெக்சேனைப் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளவும்.

#16 நீலலிட்மஸ்

அயனி இணைக்குள்ளேயே இரண்டு சாதி உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், பூனைக்கு டி.எச்.எஃப்.பில் வேலை செய்யும்போது தேவைப்படும். நேரயனியும் எதிரயனியும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இணை ஒன்று, நடுவில் கரைப்பான் மூலக்கூறு புகுந்த இணை இன்னொன்று. வின்ஸ்டீன் 1950களில் வினைவேகங்களை வைத்து இப்படி இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1960களின் நடுவில் ஹோகன்-எஷ், ஸ்மிட் இருவரும் நேரில் காட்டினார்கள். ஃப்ளோரினைல் சோடியம் டி.எச்.எஃப்.பில், அறை வெப்பநிலையில் 356 நானோமீட்டரில் உட்கவர்கிறது. குளிர்விக்கக் குளிர்விக்க அந்த முகடு தேய்ந்து, 373இல் புதிய முகடு எழுகிறது. மைனஸ் 50 பாகை வரும்போது ஏறக்குறைய முழுதும் மாறிவிடுகிறது. குளிரில் டி.எச்.எஃப்.பின் டைஎலக்ட்ரிக் மாறிலி கூடுகிறது, சோடியத்தைச் சுற்றிக் கரைப்பான் நெருக்கமாக உட்காருகிறது, எதிரயனி ஒரு படி தள்ளிப் போகிறது.

டோலுவீனில் இந்த இரண்டாம் வகைக்கு இடமில்லை. நடுவில் புக நைட்ரஜனோ ஆக்சிஜனோ உள்ள மூலக்கூறு வேண்டும். கைரல் (தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத) பாஸ்ஃபாரிக் அமிலங்கள், 2004இல் அகியாமாவும் டெராடாவும் தனித்தனியே கொண்டுவந்தவை, பெரும்பாலும் டோலுவீன் போன்ற கரைப்பான்களில் நன்றாக வேலை செய்வதற்கும் இதுவே பெரிய காரணம். இணை நெருக்கமாக இருந்தால்தான் எதிரயனியின் கைரல் சுவர் வினைபடும் நேரயனியின் மேல் அழுத்தும். நல்ல முனைவுள்ள கரைப்பானுக்கு மாற்றினால் பல நேரம் தெரிவுத்திறன் சரிந்துவிடும்.

#17 யாழ்_வேதியன்

சரி, அப்படியென்றால் பூனைக்கு நான் சொல்லக்கூடிய சமரசம் இது: அசற்றோநைத்திரைல் எண்ணையும் போடுங்கள், தொலுயீனில் இரண்டு காரங்களோடும் கிடைத்த வேறுபாடுகளையும் பக்கத்தில் போடுங்கள். வாசிப்பவர் வித்தியாசத்தைத் தானே காண்பார். தொலுயீனை எப்படி உலர்த்தினீர்கள் என்றும் எழுதுங்கள். எனக்கு இன்னும் சந்தேகம் அங்கேதான்.

#18 ஆய்வகப்பூனை

அப்படியே செய்யப்போகிறேன் யாழ். அட்டவணையில் "பி.கே.ஏ." என்று தலைப்புப் போடாமல் "ட்ரைபியூட்டைல் அம்மோனியத்தோடு அயனி இணை உருவாவதில் வேறுபாடு", "பாஸ்பசீனியத்தோடு" என்று இரண்டு நிரல். கைடிடம் நீலலிட்மஸ் சொன்ன மெஜந்தா–நீலம் கதையைச் சொன்னேன், உடனே அந்த நிறங்காட்டியை வாங்கச் சொல்லிவிட்டார்.

டோலுவீனை மூலக்கூறு சல்லடை மேல் வைத்திருந்தேன். நீரை அளந்து பார்க்கவில்லை. அது அவ்வளவு முக்கியமா?

#19 கூலும்

ரொம்ப. 25 பாகையில் டோலுவீன் எடையில் சுமார் 0.03 சதவீதம் நீரைக் கரைத்துக்கொள்ளும். கேட்கச் சிறிதாக இருக்கும். மோலாரில் மாற்றினால் 0.014. உங்கள் அமிலம் 10⁻⁴ மோலார் என்றால், காற்றில் திறந்து வைத்த டோலுவீனில் அமிலத்தைவிட நூறு மடங்குக்கு மேல் நீர் இருக்கக்கூடும். அந்த நீர் கார்பாக்சிலேட்டைத்தான் முதலில் தேடிப் போகும், நைட்ரோஃபீனாலேட்டை அல்ல. வரிசை அதனாலும் சாயும். நீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் முறையில் தரம்பார்த்து எண்ணைக் கட்டுரையில் எழுதுங்கள். பாஸ்பசீன் ஓட்டங்களை உலர்பெட்டிக்குள் செய்யுங்கள். அது நீரை மட்டுமல்ல, காற்றிலிருக்கும் கார்பன் டையாக்சைடையும் விடாது.

கண்ணாடிச் சுவரையும் நம்பாதீர்கள். 10⁻⁵ மோலார் அளவுக்குப் போனால் குவெட்டின் சிலிக்கா பரப்பே காரத்தைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். முதலில் ஒரு தடவை அதே கரைசலை விட்டு அலசிக் கொட்டிவிட்டு, பிறகு நிரப்புங்கள்.

#20 மணலிக்காற்று

அப்படியே அந்த ட்ரைபியூட்டைல் அமீன் புட்டியையும் பாருங்கள். பழுப்பாக இருந்தால் வடித்தெடுத்துவிட்டு அளங்கள். பழைய சரக்கில் டைபியூட்டைல் அமீன் கலந்திருக்கும். அதன் அம்மோனியத்தில் ஹைட்ரஜன் இரண்டு. இவ்வளவு நேரம் பேசியதை வைத்துப் பார்த்தால், அது உங்கள் கார்பாக்சிலிக் அமிலத்துக்குத்தான் சலுகை காட்டும்.